மூடி திறக்கும் நெரிடா

எங்கள் ஊரில் மூடி போட்ட எதையும் நெரிடா டிரெஸிஸ் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது. திறந்து பார்த்துவிடுவாள். அடுத்தவர் அடுப்பில் கொதிக்கும் பாத்திரம், மதுக்கடையில் மக்கர் செய்யும் குளிர்பெட்டி, என் தபால் நிலையத்துக்கு வந்து கிடக்கும் யாரோ ஒருவரின் பார்சல், எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். கிழவர் பில் ஹாக்கிங்கின் சவ அடக்கத்தின்போதுகூடப் பெட்டியின் பக்கத்தில் நின்று அதன் திருகுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். பாதிரியார் மட்டும் அன்று தொண்டையைச் செருமாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கெர்னிக் பே என்ற எங்கள் ஊரில் விளைவது கோதுமை, பார்லி, ஈ. அறுவடைக் காலத்தில் லாரிகளெல்லாம் கடலோரத்துத் தானியக் கிடங்குக்கு வந்து வரிசை கட்டும். அங்கே எடைமேடைக்குப் பொறுப்பு நெரிடா. ஐம்பதைத் தாண்டிய, வெயிலில் சிவந்த, சத்தமாகப் பேசுகிற பெண். நான் லயல். தபால் நிலையமும் பத்திரிகைக் கடையும் சேர்த்து நடத்துகிறவன். ஊரில் யாருக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். முடிந்தவரை சொல்லாமலிருக்கப் பார்ப்பேன்.

ஓர் அறுவடையின் நட்ட நடுவில், தானியத்தின் ஈரப்பதம் பார்க்கும் கைக்கருவி உயிரை விட்டது. லாரி வரிசை மதுக்கடை வரை நீண்டது. டிரைவர்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கருவி செய்த கம்பெனிக்கு ஃபோன் போட்டால், "திறக்காதீங்க, திறந்தா எங்க பொறுப்பு இல்ல, அனுப்பி வைங்க, பாத்துச் சொல்றோம்" என்று ஒரு குரல் பாட்டாகப் பாடியது. யாரிடம் போய்ச் சொல்கிறார்கள்! நெரிடா வெண்ணெய்க் கத்தியால் நெம்பித் திறந்தாள். உள்ளே ஒரு கம்பி விலகியிருந்தது. விரலால் அமுக்கினாள், வேலை செய்தது. அதற்காகக் கம்பெனி அவளைக் கண்டித்ததுதான் மிச்சம்.

"என் கையில இருக்கிற சாமான் என்னுதா, அவனுதா, லயல்?" என்று என் கவுண்டரில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தபால் தலைகள் பறந்தன.

"கம்பெனியோடதுதானே, நெரிடா."

"அது வேற விஷயம்," என்றாள்.

அந்தக் கோபத்தோடு இணையத்தில் தேடித் தன்னைப் போன்ற கோபக்காரர்களின் கூட்டம் ஒன்றைப் பிடித்தாள். எஸ்டோனியாவில் ஒரு பல் டாக்டர், பிரேசிலில் ஒரு கணக்கு வாத்தியார், வெலிங்டனில் ஒரு மாலுமி என்று உலகெங்கும் சிதறிக் கிடந்தவர்கள். எல்லோருமாகச் சேர்ந்து உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கணினியைச் செய்துகொண்டிருந்தார்கள். சின்னத் திரை, சின்ன விசைப்பலகை, மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி மடித்து மூடலாம். வரைபடம், நிரல், திருகின் அளவு, எதிலும் ஒளிவுமறைவு கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். விவசாயிகளின் தடித்த கட்டைவிரலுக்கு ஏற்ற விசைகளை நெரிடா வரைந்து கொடுத்தாள். பெயரும் அவள் வைத்ததுதான்: யாபி. எங்கள் பண்ணைக் குட்டைச் சேற்றில் கிடக்கும் நன்னீர் இறாலின் பெயர் அது. எல்லா யாபியிலும் மூடியின் உட்புறத்தில் ஒரே வாசகம் இருக்கும்: 'எடுத்துக்கொள். மாற்றிக்கொள். முதலில் செய்தவர் யாரென்று சொல். எதை மாற்றினாய் என்று மறைக்காதே.'

கடைசி வரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நெரிடா. எதற்காக நின்றாள் என்று எஸ்டோனியாக்காரருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோரல் பென்பெர்த்தியின் ஸ்பான்ஜ் கேக்தான் காரணம்.

கோரல் நெரிடாவின் நாத்தனார். ஊர்க் கண்காட்சியில் ஸ்பான்ஜ் கேக்குக்கான முதல் பரிசு, நீல ரிப்பன், வருஷா வருஷம் அவள் வீட்டுக்குத்தான் போகும். நெரிடா கல்யாணமாகி வந்த புதிதில் கோரல் தன் செய்முறையை எழுதிக் கொடுத்தாள். மாமனார் பிறந்தநாளுக்கு நெரிடா அந்த கேக்கைச் செய்தாள். நடுவில் குழி விழுந்தது. "தொப்பி நல்லா இருக்கும்மா" என்றார் மாமனார். அதற்குப் பிறகு எத்தனை முறை செய்தும் அதே குழி. எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்முறை எழுதிக் கொடுக்கும்போது ஒரு சாமானை மட்டும் விட்டுவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே கோரல் எதையோ ஒளித்துவிட்டாள் என்று நெரிடா முடிவு கட்டிவிட்டாள். நேரில் போய்க் கேட்கவும் மாட்டாள். அவ்வளவு ரோஷம்.

ஸ்பான்ஜ் போனால் போகட்டும் என்று மார்மலேட் காய்ச்சினாள், சால்வை பின்னினாள், பூசணி வளர்த்தாள். ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். மூன்றாம் பரிசுகூடக் கிடைத்ததில்லை.

"ஒரே ஒரு ரிப்பன், லயல். என்ன கலரா இருந்தா என்ன? சாகறதுக்குள்ள எடைமேடை ஜன்னல்ல ஒண்ணு தொங்கணும்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஊரில் 'ஆண்கள் கொட்டகை' என்று ஒன்று உண்டு. ஓய்வு பெற்றவர்கள் ஒன்றுகூடிப் பறவைக் கூடு, நாற்காலி என்று எதையாவது செய்கிற இடம். வீட்டுக்குள் தொல்லை தாங்காமல் மனைவிமார் அனுப்பி வைக்கும் இடம் என்றும் சொல்லலாம். ஒரு வியாழக்கிழமை நெரிடா ஒரு பெட்டி நிறைய யாபி மின்பலகைகளோடு அங்கே நுழைந்தாள்.

"இது ஆம்பளைங்க கொட்டகைம்மா," என்றார் தலைவர் டெஸ்.

"தெரியுது. உங்கள்ல யாருக்குக் கை நடுங்காம ஈயத்த உருக்கி சால்டர் வெக்க வரும்?"

எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அன்றே அவள் அங்கே உறுப்பினர். வாசல் பலகையை மாற்றுவது பற்றிக் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் பழைய பலகையிலேயே, 'ஆண்கள் கொட்டகை' என்பதற்குக் கீழே, 'மற்றும் நெரிடா' என்று பெயின்ட் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கே யாபிப் பித்து பிடித்தது. வியாழன்தோறும் கொட்டகையில் ஈயப் புகை. பாதிரியார் வந்தார், மதுக்கடை ஷாரன் வந்தாள், நெரிடாவின் கணவன் கெவ் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து திருகு முடுக்கினான். சனிக்கிழமை இரும்புக்கடை வாசலில் கொட்டகைக்காரர்கள் சாஸேஜ் சுட்டு விற்பார்கள். ரொட்டித் துண்டில் சாஸேஜை வைத்து நீட்டும்போதே மறுகையால் யாபியையும் நீட்டுவார்கள். ஒருமுறை டெஸ் ஒரு விவசாயியை மடக்கியதை நானே பார்த்தேன்.

"இது என்னத்துக்கு?" என்றான் அவன்.

"உனக்கு என்னத்துக்கு வேணும், சொல்லு."

"எனக்கு வெங்காயம் போட்ட சாஸேஜ் வேணும்."

"மழைக் கணக்கு வெச்சுக்கலாம். ஆட்டுக் கணக்கு வெச்சுக்கலாம்."

"என்கிட்ட மூணு ஆடுதான் இருக்கு."

"அப்ப ரொம்ப சுலபமாச்சே!" என்றார் டெஸ், அவனை விடாமல்.

மதுக்கடையில் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து வெள்ளிக்கிழமை நடத்தும் சீட்டுக் குலுக்கலையும் யாபியிடம் ஒப்படைத்தார்கள். தொடர்ந்து மூன்று வாரம் இறைச்சித் தட்டு டெஸ்ஸுக்கே விழுந்தது. நான்காவது வாரம் ஷாரன் அந்த நிரலைத் திறந்து எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாள். அதில் டெஸ்ஸின் பெயர் மட்டும் ஐந்து இடத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதில் என்ன பயன் என்று ஊருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. டெஸ் எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுத்துத் தப்பித்தார்.

யாபிக்கு ஒரே ஒரு நோய் இருந்தது, அதன் கீல். கொஞ்ச நாள் புழங்கினால் மூடி நிமிர்ந்து நிற்காது, தப்பென்று பின்னால் சாயும். பல் டாக்டர் முயன்றார், மாலுமி முயன்றான், நெரிடா வேலிக் கம்பி வரைக்கும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் சரிப்படவில்லை.

இப்படி இருக்கையில் அக்டோபர் வந்தது, கண்காட்சியும் வந்தது. அதில் 'கையால் செய்த, இயங்கும் பொருள்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு வழக்கமாக டெஸ்ஸின் தகரக் காற்றாடி ஒன்றுதான் வரும். காற்றில்லாத கூடத்துக்குள் அது ஒருநாளும் இயங்கியதில்லை. ஆனாலும் வேறு ஆளில்லாததால் முதல் பரிசு வாங்கிவிடும். இந்த முறை நெரிடா தன் யாபியை அதில் வைப்பதென்று முடிவு செய்தாள். காற்றாடியை ஜெயிக்க முடியாதா என்ன? எடைமேடை ஜன்னலில் ரிப்பனுக்கு ஆணிகூட அடித்தாயிற்று.

அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பாளர். பொருள்களை வாங்கி மேசையில் வைப்பது, நடுவர் பின்னால் நடப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது, இவ்வளவுதான் வேலை. கடைசி வேலை கடினம்.

காலையில் முதல் ஆளாக நெரிடா வந்து, மெழுகு தேய்த்துப் பளபளவென்றிருந்த யாபியை வைத்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் கெவ் வந்தான். அவன் கையில் ஒரு யாபி.

"நீயுமா?" என்றேன்.

"அவளுக்கு ஒத்தாசையாத்தான். ஒண்ணு மட்டும் கெடந்தா எவன் நின்னு பாப்பான்? ரெண்டு இருந்தா ஜனம் நிக்கும்ல?"

பிறகு ஷாரன் வந்தாள், அதே காரணத்தோடு. பாதிரியார் வந்தார். டெஸ், காற்றாடியை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு யாபியோடு வந்தார். வியாழக்கிழமைக் கூட்டம் மொத்தமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தான் ஒருவர்தான் யாபியின் பெருமையைப் பரப்பப் போகிறோம் என்ற பூரிப்பு. மத்தியானத்துக்குள் மேசை நிரம்பிவிட்டது. திரும்பி வந்த நெரிடா அதைப் பார்த்துப் பேயறைந்தவளாக நின்றாள்.

"உங்கள யாருய்யா போட்டிக்கு வரச் சொன்னது?"

"நீதானேம்மா சொன்னே, எத்தன பேரு செஞ்சாலும் சந்தோஷம்னு," என்றார் பாதிரியார், பாவமாக.

வினை விதைத்தவள் வினையை அறுத்துத்தானே ஆகவேண்டும்.

பதிவு முடியும் நேரத்தில் கோரல் வந்தாள், துணி போட்டு மூடிய கூடையோடு.

"கேக்கெல்லாம் அந்தப் பக்கம், கோரல்," என்றேன்.

"கேக்கு காலையிலயே வெச்சாச்சு. இது இங்கதான்."

துணியை எடுத்தாள். உள்ளே ஒரு யாபி. கீலின் மேல் நீலத் துணி வைத்து நுணுக்கமாகத் தைத்திருந்தாள். மே மாதம் அவள் பெயருக்கு எஸ்டோனியாவிலிருந்து வந்த பார்சல் என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"யாபிய பொம்மை, பொம்மைனு கேலி பண்ணிட்டிருந்தே?" என்றேன்.

"பொம்மைதான். பொம்மையா இருந்தாலும் ஒழுங்கா செய்யணும்ல?" என்றவள், போகிற போக்கில் குரலைத் தாழ்த்தினாள். "வியாழக்கிழமை அந்தப் பக்கமா நடந்தா ஒரே சிரிப்புச் சத்தம் கேக்குது, லயல். என்னை ஒருத்தரும் கூப்பிடல."

நடுவர் மிஸஸ் விண்டர்போர்ன் பக்கத்து ஊர்க்காரர். ஆயுள் முழுக்க ஜாம் பாட்டில்களுக்கு மதிப்பெண் போட்டவர். கணினி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரை விட்டால் ஆளில்லை. ஒவ்வொரு யாபியையும் திறந்து, மூடியை நேராக நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். டெஸ்ஸினுடையது, தப். பாதிரியாருடையது யோசித்து யோசித்து மெல்லச் சாய்ந்து, தப். ஷாரனுடையது, கைவிட்டதுமே தப். நெரிடாவின் யாபி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நடுவர் எழுதக் குனிந்தார், ஒரேயடியாகத் தப்.

கோரலுடையது சாயவில்லை. நடுவர் மேசையை இடுப்பால் ஓர் இடி இடித்துப் பார்த்தார். அப்போதும் சாயவில்லை. நீல ரிப்பன் அதற்கு. சாய்ந்தவற்றில் மெதுவாகச் சாய்ந்தது கெவ்வினுடையது, அதற்குச் சிவப்பு. மூன்றாவது பரிசான வெள்ளை, அதற்கடுத்து மெதுவாகச் சாய்ந்த பாதிரியாருடையதற்கு.

கதவைத் திறந்துவிட்டதும் ஜனம் உள்ளே வந்தது, நெரிடாவும் வந்தாள். நீல ரிப்பனைப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள். கெவ் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டான். அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். அதற்குள் அவள் கண் கோரலின் கீல் மேல் விழுந்துவிட்டது. தைத்து மூடியிருக்கிறதே! போதாதா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மறைச்சிருக்கா பாத்தீங்களா! மூடியில என்ன எழுதியிருக்கு, படிங்க! எதை மாத்தினேன்னு மறைக்கக் கூடாது. லயல், கமிட்டில புகார் குடுக்கப் போறேன். இந்த ரிப்பன் செல்லாது."

இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடித்துக்கொண்டே ஊர் கூடிவிட்டது. கோரல் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன போட்டிருக்கே உள்ள?" என்றாள் நெரிடா.

"இவ்வளவு பேரு முன்னாடி சொல்லணுமா?"

"சொல்லணும்."

"சரி. என் பழைய உள்பாடியில இருந்து உருவின கம்பி. பெரிய சைஸு. அதான் கெட்டியா நிக்குது."

டெஸ்ஸுக்குப் புரையேறியது. பாதிரியார் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"துணி தைச்சது மறைக்க இல்லடி, கம்பி கைய குத்தாம இருக்க. உங்க குழுப் பக்கத்துல நேத்தே படத்தோட எல்லாம் போட்டாச்சு. அந்தப் பல் டாக்டர் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கப் போயிருக்காராம்."

கூடம் குலுங்கச் சிரித்தது. நெரிடா மட்டும் சிரிக்கவில்லை. புகாரும் போச்சு, ரிப்பனும் போச்சு. இத்தனை வருஷம் வயிற்றில் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"இத மட்டும் நல்லா சொல்லுவே. ஸ்பான்ஜ்ல என்ன ஒளிச்சே? அதச் சொல்லு!"

"ஸ்பான்ஜ்லயா?" கோரல் திருதிருவென்று விழித்தாள். "முட்டை, சக்கரை, சோளமாவு... எல்லாம் எழுதித்தானே குடுத்தேன்? என்னத்த ஒளிச்சேன்?"

"அப்ப ஏன் எனக்கு மட்டும் குழி விழுது?"

கோரல் தூணின் பக்கம் திரும்பினாள்.

"கெவ், இங்க வா. கேக்க அடுப்புல வெச்சதும் இவ என்ன பண்ணுவா?"

கெவ் தன் பூட்ஸைப் பார்த்தான். "நின்னுட்டிருப்பா."

"சும்மா நின்னுட்டிருப்பாளா?"

"அப்பப்ப... கதவத் திறந்து பாப்பா."

"எத்தன தடவ?"

"ஆறு, ஏழு இருக்கும். அன்னிக்கு மூட் எப்படியோ அப்படி."

கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். ஸ்பான்ஜ் வேகும்போது அடுப்புக் கதவைத் திறந்தால் சூடு இறங்கிக் குழி விழும் என்று எங்கள் ஊரில் பூனைக்குக்கூடத் தெரியும்.

"இத்தன வருஷமா ஏண்டா சொல்லல?" என்றாள் கோரல்.

"உசிரு மேல ஆசை," என்றான் கெவ்.

நெரிடா பக்கத்திலிருந்த வைக்கோல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். இனி கத்தப் போகிறாள் என்று பயந்தேன். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டும்தான். கோரல் கைக்குட்டையை நீட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கதவை மட்டும் மூடி வைக்கத் தெரிந்திருந்தால் நெரிடாவுக்கு என்றைக்கோ ரிப்பன் கிடைத்திருக்கும். யாபி பக்கமே போயிருக்க மாட்டாள். எது நல்லது என்று என்னால் இன்றைக்கும் தீர்மானிக்க முடியவில்லை.

கொட்டகைப் பலகையில் அதற்குமேல் இடமில்லை. கோரலின் பெயரைப் பக்கவாட்டில், தலையைச் சாய்த்துப் படிக்கும்படி எழுதினார்கள்.

அடுத்த அக்டோபரில் நெரிடா மறுபடி ஸ்பான்ஜ் செய்தாள். அடுப்புக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, அதன் கம்பியை வெளியே மேசையிலிருந்த யாபியில் மாட்டினார்கள். உள்ளே எவ்வளவு சூடு என்று திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம். கதவின் கைப்பிடியில் கோரல் தன் கையாலேயே ஒரு கம்பிக் கொக்கியை முறுக்கி மாட்டினாள். எந்தக் கம்பி என்று கேட்க வேண்டிய தேவையில்லை. நெரிடா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைக் கூட்டம் முழுவதும் அந்தச் சமையலறையில் காவல் நின்றது.

"ஒரே ஒரு விரக்கடை திறக்கறேன். மூக்க மட்டும் வெச்சுப் பாத்துட்டு..."

"கைய எடு!" என்று பாதிரியார் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

கேக் எழும்பியிருந்தது. குழியில்லை.

கண்காட்சியில் நீலம் வழக்கம்போலக் கோரலுக்கு. நெரிடாவுக்கு மூன்றாம் பரிசு, வெள்ளை. கேக்கின் முன்னால் பெயர் எழுதிய அட்டை மட்டும்தான் வைப்பது வழக்கம். நெரிடா தன் அட்டையில் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தாள்: 'முதலில் செய்தவர் கோரல் பென்பெர்த்தி. நான் மாற்றியது: கதவைக் கம்பியால் கட்டினேன். கம்பியும் அவருடையதே.'

கோரல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சைஸையும் போட்டிருக்கலாமேடி. எதையும் மறைக்கக் கூடாதுன்னியே?" என்றாள்.

வெள்ளை ரிப்பன் இப்போது எடைமேடை ஜன்னலில், போன வருஷம் அடித்த ஆணியில் தொங்குகிறது. எடை போட வரும் ஒவ்வொரு டிரைவரும் அதன் கதையை முழுதாகக் கேட்ட பிறகுதான் சீட்டு வாங்கிக்கொண்டு நகர முடியும். லாரி வரிசை மறுபடியும் மதுக்கடை வரை நீள்கிறது.